கக்குவான் தடுப்பூசிக் கையேடு: 'ஊக்கத் தவணை' வேண்டாம், 'புதுப்பிப்புத் தவணை' என்போம்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனைப் பணியாளர்களுக்கான கக்குவான் (தொடர் இருமலாக வரும் தொற்றுநோய்) தடுப்பூசிக் கையேட்டில் 'பூஸ்டர் டோஸ்' என்பதை, அதாவது முன்பு போட்ட ஊசியின் பாதுகாப்பு கரைந்த பின் மறுபடி போடுவதை, 'ஊக்கத் தவணை' என்று எழுதலாம் எனச் சென்ற மடலில் முன்மொழிவு வந்தது. இருவர் வழிமொழிந்தும் விட்டார்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியில் இருப்பவள் என்ற முறையில் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கையேடு அச்சுக்குப் போவதற்குள் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'தவணை' மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முதல் தவணை, இரண்டாம் தவணை என்று கொரோனா காலத்திலேயே எல்லார் வாயிலும் பழகிவிட்டது. சிக்கல் 'ஊக்க'த்தில்தான். 'ஊக்க மருந்து' என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது விளையாட்டு வீரர்கள் மாட்டிக்கொள்ளும் செய்தி. 'ஊக்கத் தவணை' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், பாதிப் பேர் ஊக்கத்தொகையைத் தவணை தவணையாகத் தரப்போகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். இதைக்கூடப் பழக்கத்தில் சரிசெய்துவிடலாம். என்னை உறுத்துவது வேறு. ஏற்கெனவே தெம்பாக இருப்பவருக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு தருவதுதான் ஊக்கம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்ற தொனி அதில் இருக்கிறது. கக்குவான் விஷயத்தில் அந்தத் தொனி பணியாளரைத் தவறான முடிவுக்கு இழுத்துப் போகும்.

தட்டம்மை ஒருமுறை வந்து போனால் பெரும்பாலும் ஆயுளுக்கும் எதிர்ப்பாற்றல் நிற்கும். கக்குவான் அப்படி இல்லை. நோயே வந்து போனவர்களுக்கும் 4 முதல் 20 ஆண்டுகள்தான் பாதுகாப்பு, தடுப்பூசியால் கிடைப்பது 4 முதல் 12 ஆண்டுகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆக, சிறுவயதில் முத்தடுப்பூசி (தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி மூன்றுக்குமானது) முழுவதையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்ட ஒருவர் முப்பது வயதில் செவிலியராக வந்து நிற்கும்போது, கக்குவானைப் பொறுத்தவரை அவரிடம் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது. இல்லாமல் போனதைத் திரும்பக் கொண்டுவருவதற்கு ஊக்கம் என்று பெயர் வைப்பது பொருந்தவில்லை.

'அது குழந்தைகள் நோய்தானே' என்று பணியாளர்கள் கேட்பார்கள். கையேடு முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். பெரியவர்களுக்கு வரும்போது மூச்சை உள்ளே இழுக்கையில் எழும் அந்தக் கூவல் சத்தம் பெரும்பாலும் கேட்காது. மூக்கொழுகல், லேசான காய்ச்சல், அப்புறம் வாரக்கணக்கில் விடாத இருமல், அவ்வளவுதான். நோய் மும்முரமாகப் பரவுவதோ வெறும் சளி போலத் தோன்றும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பணிக்கு வருகிறவர், பச்சிளம் குழந்தையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துப் பால் புகட்டுவார். பிறந்து சில வாரமே ஆன அந்தக் குழந்தைக்கு முதல் தவணைக்கே ஆறு வாரமோ இரண்டு மாதமோ ஆக வேண்டும். தொற்றினால் இருமக்கூடத் தெம்பில்லாமல், திடீரென்று மூச்சு நின்று உதடு நீலம் பாரித்துப்போகும். கக்குவானில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுக் குழந்தைகள். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் இந்தக் குழந்தையை மனத்தில் வைத்தே தேர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து, காலப்போக்கில் பாதுகாப்பு கரைவதற்கு 'எதிர்ப்பாற்றல் குறைவு' என்று வரைவில் இருக்கிறது. இதையும் மாற்றியாக வேண்டும். 'நோயெதிர்ப்புக் குறைபாடு' என்பது முற்றிலும் வேறொரு நிலைக்கு நிலைத்துவிட்ட பெயர். 'உங்களுக்கு எதிர்ப்பாற்றல் குறைவு' என்று ஒரு பணியாளரிடம் சொன்னால், தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பதறிப்போவார். 'தேய்வு' என்று வைப்போம்: எதிர்ப்பாற்றல் தேய்வு. ஆளிடம் குறை ஒன்றும் இல்லை, நாள் ஆக ஆக இயல்பாக நடப்பது என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. தேய்வு எவ்வளவு வேகம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் சேர்க்கலாம். கலிபோர்னியாவில் பதின்ம வயதினரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், தடுப்பூசி போட்ட முதல் ஆண்டில் ஏறத்தாழ 69 சதவீதமாக இருந்த பாதுகாப்பு, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 9 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இவர்கள் சிறுவயதில் செல்லற்ற தடுப்பூசி (கிருமியின் சில கூறுகள் மட்டும் உள்ளது) மட்டுமே போட்டுக்கொண்ட தலைமுறை. கொல்லப்பட்ட கிருமியை முழுதாகவே கொண்ட பழைய முழுச்செல் தடுப்பூசியின் பாதுகாப்பு இதைவிட நின்று நிலைத்தது. ஆனால் அதைப் போட்டால் காய்ச்சலும் வீக்கமும் அதிகம் என்பதால் பல நாடுகள் செல்லற்றதுக்கு மாறிக்கொண்டன.

இனி பூஸ்டருக்கு வருவோம். முன்மொழியப்பட்ட மற்ற சொற்களையும் எடுத்துப் பார்த்தேன்.

'கூடுதல் தவணை' கூடவே கூடாது. எதிர்ப்பாற்றல் சரியாக உருவாகாதவர்களுக்கு அடிப்படைத் தவணைகளோடு சேர்த்து இன்னொன்று போடுவதையும், உருவாகித் தேய்ந்தவர்களுக்குப் போடுவதையும் கொரோனா காலத்தில் தனித்தனியாகவே பிரித்தார்கள். 'கூடுதல்' முதல் வகைக்கு உரியது, அதை அங்கேயே விட்டுவிடலாம். 'செயலூட்டி' இலங்கைச் செய்திகளில் பார்த்த சொல், காதுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் எதைச் செயலூட்டுகிறது என்று சொல் சொல்லவில்லை. 'வலுவூட்டு தவணை' பரவாயில்லை ரகம், எனக்கு இரண்டாவது தேர்வு. 'நினைவூட்டு ஊசி' என்று ஒருவர் எழுதியிருந்ததை மிகவும் ரசித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் இதே பொருளில்தான் சொல்கிறார்கள், உடலியலும் அதுதான்: முன்பு பார்த்த கிருமியின் கூறுகளை நினைவு செல்களுக்கு மறுபடி காட்டுகிறோம், அவை விழித்துக்கொண்டு சீக்கிரமே எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உருவாக்குகின்றன. ஆனால் பொதுவாசகர் அதை ஞாபகசக்திக்குப் போடும் ஊசி என்றல்லவா படிப்பார்.

ஜெர்மானியர்கள் புதுப்பித்தல் என்ற பொருளில் சொல்கிறார்கள். அதைத்தான் நாமும் எடுக்கலாம் என்கிறேன்: 'புதுப்பிப்புத் தவணை'. ஓட்டுநர் உரிமத்தை எதற்குப் புதுப்பிக்கிறோம்? முன்பு எடுத்தது செல்லும், ஆனால் காலம் முடிந்துவிட்டது. முன்பு போட்ட ஊசி வீண் என்ற எண்ணமும் வராது, இனி போட வேண்டாம் என்ற அலட்சியமும் வராது. பேச்சிலும் இயல்பாக உட்காரும். 'உங்கள் கக்குவான் ஊசியைப் புதுப்பித்தாயிற்றா?' என்று பணியாளரை நேரில் கேட்கலாம். 'உங்களை ஊக்குவித்தாயிற்றா' என்று கேட்க முடியுமா?

இதற்கு வரக்கூடிய மறுப்பும் தெரியும். புதுப்பிப்பு என்றால் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்வது, கக்குவானுக்கு அப்படி ஒரே விதி இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் மருத்துவப் பணியாளர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை என்று பரிந்துரை. அமெரிக்காவில் பணியாளருக்கு ஒரு தவணை போதும் என்ற நிலை, கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். இடைவெளியை அந்தந்த இடத்து விதி சொல்லட்டும். ஒரே ஒருமுறை புதுப்பித்தாலும் அது புதுப்பிப்புதான்.

பணியாளர் தடுப்பூசி அட்டையைப் பற்றியும் பேசியாக வேண்டும். வரைவு அட்டையில் ஒவ்வொரு நோய்க்கும் நேராக 'எதிர்ப்பாற்றல்: உண்டு / இல்லை' என்று கட்டம் போட்டிருக்கிறோம். கல்லீரல் அழற்சி பி-க்கு (ஹெபடைடிஸ் பி) அது பொருந்தும். இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகோ அதற்கு மேலோ இருந்தால் உண்டு என்று எழுதிவிடலாம். கக்குவானுக்கு அப்படி ஓர் எல்லைக்கோடு இன்றுவரை நிறுவப்படவில்லை. இவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தால் நோய் வராது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதுவது பொய்யான உறுதி. கக்குவான் வரிசையில் மட்டும் 'கடைசித் தவணை போட்ட நாள்' என்று மாற்றிவிடுங்கள். தேய்வு என்ற கருத்தும் தேதியைப் பார்த்ததும் தானாகப் புரியும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. தடுப்பூசி போட்டவருக்கு நோய் கடுமையாகாமல் போகலாம், ஆனால் அவர் தொண்டையில் கிருமி தங்காது என்று உறுதி இல்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் செல்லற்ற தடுப்பூசி போட்ட பபூன் குரங்குகளுக்கு நோய் வரவில்லை, ஆனால் கிருமி வாரக்கணக்கில் தங்கி, ஊசி போடாத பபூன்களுக்கும் பரவியது. அதனால்தான் நோயாளியோடு முகக்கவசமின்றி நெருங்கிப் பழகிய பணியாளர் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறார் என்றால், தடுப்பூசி போட்டிருந்தாலும் நோய் வராமல் தடுக்க நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) கொடுக்கச் சொல்கிறார்கள். இந்த நெருக்கத்தை வரைவில் 'வெளிப்பாடு' என்று எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள். 'கக்குவான் வெளிப்பாடு ஏற்பட்ட பணியாளர்' என்றால் அவருக்கே நோய் வெளிப்பட்டதாகத்தான் படிக்க முடியும். 'நோயாளித் தொடர்பு' என்று நேராகச் சொன்னாலே போதும்.

மூச்சுவிட இடம் கொடுக்காமல் தொடர்ந்து வரும் இருமலுக்கு 'வலிப்பிருமல்' வேண்டாம், வலிப்பு வேறு நோய். அடுக்குத் தும்மல் என்று நம்மிடமே இருக்கிறது, அதே அச்சில் 'அடுக்கிருமல்' எனலாம். நோயின் பெயர் 'கக்குவான்' அப்படியே இருக்கட்டும், ஈழத்து வாசகருக்காக முதல் பக்கத்தில் 'குக்கல்' என்பதையும் சேர்த்துவிடுவோம்.

கடைசியாக, எனக்கு விடை கிடைக்காத ஒன்று. குழந்தைகளுக்கான செல்லற்ற முத்தடுப்பூசி வேறு, வளர்ந்தவர்களுக்கானது வேறு. முதலாவதில் தொண்டை அடைப்பான் கூறு 15 முதல் 25 அலகு, இரண்டாவதில் 2 முதல் 2.5 அலகுதான். கக்குவான் கூறும் குறைவு. ஆங்கிலத்தில் முதலாவது DTaP, இரண்டாவது Tdap: பெரிய எழுத்து முழு அளவையும் சிறிய எழுத்து குறைத்த அளவையும் காட்டுகிறது. தமிழில் எழுத்தெழுத்தாக எழுதினால் இரண்டுமே 'டி.டி.ஏ.பி.' ஆகிவிடுகின்றன. குளிர்பதனப் பெட்டியில் இரண்டு புட்டிகளும் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் இந்தப் பெயரை நம்பி எடுக்கச் சொல்ல முடியாது. ஆங்கிலத்திலேயே இரண்டும் மாறிப்போவது தெரிந்த விஷயம். 'குறையளவு முத்தடுப்பூசி' என்றால் பொருள் சரி, ஆனால் தனக்கு மட்டும் ஏன் குறைத்துப் போடுகிறார்கள் என்று பணியாளர் கேட்பார். 'குழந்தை முத்தடுப்பூசி', 'வளர்ந்தோர் முத்தடுப்பூசி' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது பதின்ம வயதினருக்கும் போடப்படுவது, அவர்களை வளர்ந்தோர் என்பது சற்று இடிக்கிறது. இதைவிடப் பொருத்தமான இணை யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், குறிப்பாக மருந்தகத்தில் வேலை செய்யும் நண்பர்கள்.

அன்புடன்.