எட்டுப் பேரும் கடைசிவரை ஆடும் சீட்டாட்டம் வேண்டும்

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு 8 பேர் கூடுவோம், அத்தை உட்பட. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மூன்று மாதமாக, கையில் உள்ள சீட்டைப் பற்றிப் பொய் சொல்லி ஆடும் 'கூ' (Coup) ஆடினோம். ஆளுக்கு 2 சீட்டு, இரண்டும் போனால் வெளியே, பெட்டியில் உள்ளபடி 6 பேருக்கு மேல் ஆட முடியாது. போன முறை அத்தை முதலிலேயே போய், ஆட்டம் முடியும்வரை முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார், எனக்கு மனசே கேட்கவில்லை. அப்புறம் 'காக்ரோச் போக்கர்' வாங்கினேன். சீட்டில் படம் மட்டும்தான், கரப்பான் சீட்டைக் கவிழ்த்து நீட்டி 'தேள்' என்று அத்தை கண் சிமிட்டாமல் சொன்னார்! ஆனால் அதுவும் 6 பேருக்குத்தான். பேரம் பேசும் 'போனான்சா' 7 பேரோடு நின்றுவிடுகிறது. இரண்டு குழுவாகப் பிரிந்தும் பார்த்தோம், கலகலப்பே இல்லை.

எழுத்தில்லாத சீட்டுகளோடு, 8 பேரும் கடைசிவரை பொய் சொல்லி ஆட ஏற்ற ஆட்டம் எது?