குழாயின் சாய்வெட்டு: அச்சிட்ட தாள் பொருந்தவில்லை

கேள்வி:
பெங்களூரு பீன்யாவில் ஒரு சிறு பட்டறைக்குக் கைப்பிடிச் சட்டங்கள் வரைகிறேன். வெளிவிட்டம் 42.4 மி.மீ., சுவர்த் தடிமன் 2.6 மி.மீ. உள்ள குழாயை இன்னொரு குழாயின்மேல் சாய்வாகப் பொருத்துவதற்காக, சாலிட்வொர்க்ஸ் என்னும் வரைபட மென்பொருளில் வெட்டி, ஷீட் மெட்டலாக (தட்டையான தகடாக) விரித்து, முழு அளவில் அச்சிட்டு, வெட்டுக்கோடு குறிப்பதற்காகக் குழாயின்மேல் சுற்றினால், தாளின் முனைகளுக்கு நடுவே சுமார் 8 மி.மீ. இடைவெளி விழுகிறது. பிழை எங்கே?

பதில் 1:
அந்த 8 மி.மீ.யிலேயே விடை இருக்கிறது, ஐயா. மென்பொருள் சுவரின் நடுக்கோட்டை, அதாவது 39.8 மி.மீ. விட்டத்தைக் கொண்டு விரித்ததால் நீளம் 125 மி.மீ. ஆயிற்று, தாளோ வெளிப்பரப்பில் சுற்றப்படுவதால் அதற்கு 133.2 மி.மீ. வேண்டும். சுவர்த் தடிமனில் எந்த இடத்தின் நீளத்தைக் கொண்டு விரிப்பது என்று சொல்லும் எண்ணான கே-ஃபேக்டரை 0.5-லிருந்து 1-ஆக மாற்றுங்கள். விரிப்பதற்கு விடும் நீளவாட்டுப் பிளவு மிகக் குறுகலாக இருக்கட்டும்.

பதில் 2:
சதுரக் குழாய்க்கு இத்தனை பாடு இல்லை, அதே மென்பொருளில் பற்றவைப்புச் சட்டங்களுக்கான வெல்ட்மென்ட்ஸ் பகுதியே மூலையை வெட்டிவிடும். ஆனால் இரு குழாய்களுக்கு இடையே 60° என்றால் வெட்டு குழாயின் நீள அச்சுக்கு 30°-இல் அமையும். நேர்வெட்டை 0° எனக் காட்டும் ரம்பத்திலோ அதையே 60° என்று வைக்கவேண்டும். இதைக் குறிக்க மறந்து 6 மீட்டர் குழாய் ஒன்றை வீணாக்கியவன் நான்.

கேட்டவர்:
தாள் முனையோடு முனை சேர்ந்தது, நன்றி. உட்சுவரின் விளிம்பு மட்டும் பக்கங்களில் இடித்தது. கிரைண்டரால் சற்றுச் சாய்த்துத் தேய்த்தபின் உட்கார்ந்துவிட்டது.