எலிசபெத்தன் ட்வின்ஸ் டீம் என்ன ஆனது?

டென்னசிக்குப்_புதுசு:
போன வாரம் இங்கே அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து எலிசபெத்தன் ஊரில் பேஸ்பால் மேட்ச் பார்த்தேன். டிக்கெட்டில் ‘ரிவர் ரைடர்ஸ்’ என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா தலையிலோ சாயம் போன ‘ட்வின்ஸ்’ தொப்பி. பேரை மாற்றிவிட்டார்களா, இல்லை டீமே வேறா?

மூன்றாம்_பேஸ்:
டீமே வேறு. மைதானம் மட்டும் அதேதான், ஜோ ஓப்ரையன் ஃபீல்டு. நான் பக்கத்து ஜான்சன் சிட்டிக்காரன், எங்கள் டீமும் இப்படித்தான் போனது, அந்த வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

1974 முதல் மேஜர் லீக் (உச்ச லீக்) டீமான மினசோட்டா ட்வின்ஸுக்கு அங்கே ஒரு ரூக்கி டீம், அதாவது புதுமுகங்களைப் பழக்கும் டீம் இருந்தது. அது ஆடிய அப்பலாச்சியன் லீக், மேஜர் லீக்குக்கு ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக் ஏணியில் கிட்டத்தட்ட கடைசிப் படி. 1982-ல் சிகாகோவிலிருந்து குள்ளமாக, கட்டுமஸ்தாக ஒரு பையன் வந்தான். 65 ஆட்டம், பேட்டிங் சராசரி .382 (.300 தாண்டினாலே பெரிய விஷயம்), பிட்சர் அசந்த நேரம் ஓடித் ‘திருடிய’ பேஸ் 43. கிர்பி பக்கெட்தான் அது! இரண்டே வருடத்தில் மினசோட்டாவுக்கு ஆடினார், அப்புறம் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம். 15,000 பேர்கூடத் தேறாத ஊர், அந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமையடிக்காமல் விடுவார்களா?

2020-ல் கொரோனாவால் சீசனே நடக்கவில்லை. அதோடு மேஜர் லீக் தன்னோடு இணைந்த டீம்களை 160-லிருந்து 120 ஆக்கிவிட்டது. அப்பலாச்சியன் லீக் மொத்தமாக வெளியே. எங்கள் ஊர் டீம் கார்டினல்ஸும் அதில் போனது. 2021 முதல் அது கல்லூரிப் பையன்களின் கோடை லீக். சம்பளம் கிடையாது.

இடதுகை_பிட்சர்:
இன்னொரு ட்வின்ஸ் நட்சத்திரம் ஜோ மவுரை விட்டுவிட்டீர்களே! 2001-ல் பள்ளி முடித்த கையோடு நேரே அங்கே வந்தார், 32 ஆட்டத்தில் .400. அவரும் இப்போது ஹால் ஆஃப் ஃபேமில். ஆனால் இந்தப் பையன்களும் மரப் பேட்டில்தான் ஆடுகிறார்கள், பந்து பட்டால் அதே ‘டக்’. அவ்வளவு புலம்ப வேண்டாம்.

மூன்றாம்_பேஸ்:
சத்தம் அதேதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு நன்றாக ஆடுகிற பையனைப் பாதி சீசனிலேயே மேல் டீமுக்குத் தூக்கிவிடுவார்கள். நமக்கு வருத்தமும் பெருமையும் ஒன்றாக வரும். இன்றைக்கு ஆகஸ்டில் எல்லோரும் கல்லூரிக்குத் திரும்பிவிடுகிறார்கள். சரி, மேட்சுக்கு நானும் போகாமல் இல்லை.

டென்னசிக்குப்_புதுசு:
ஓ, அதனால்தானா! யார் நன்றாக அடித்தாலும் தாத்தா ‘இவன் இங்கே ரொம்ப நாள் இருக்க மாட்டான்’ என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.