கோரோப்ளெத் வரைபடத்தில் பெரிய மாவட்டம் மட்டும் அடர்நிறமாகத் தெரிகிறது, என்ன தவறு?

கேள்வி: மாவட்டவாரியாக நூலகங்களின் எண்ணிக்கையை வைத்து க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கோரோப்ளெத் வரைபடம் (மதிப்புக்கேற்ப மாவட்டங்களுக்கு நிறம் பூசுவது) போட்டேன். எண்ணிக்கை கூடக் கூட நிறம் அடர்த்தி. பரந்து கிடக்கும் நான்கு மாவட்டங்கள் கண்ணை இழுக்கின்றன, நெரிசலான சிறு மாவட்டம் இருக்கும் இடமே தெரியவில்லை. தரவைச் சரிபார்த்துவிட்டேன், பிழை இல்லை.

பதில் 1: தரவு சரிதான், வரைபட வகைதான் பொருந்தவில்லை. நிறம் பூசும் முறையில் பரப்பு பெரிதாக இருந்தாலே மதிப்பும் பெரிது என்று கண் நம்பிவிடும். அதனால் வெறும் எண்ணிக்கையைப் பூசாதீர்கள். மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு எத்தனை என்று பூசுங்கள். 1826-இல் பிரான்சில் சார்ல்ஸ் துய்ப்பேன் கல்வி நிலையைக் காட்ட இப்படி நிழலிட்டபோதும் மக்கள்தொகையோடு ஒப்பிட்ட விகிதத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

எண்ணிக்கையே வேண்டுமென்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் எண்ணிக்கைக்கேற்ற அளவில் வட்டக் குறியீடு போடுங்கள்.

பதில் 2: வட்டம் போடும்போது ஒரு எச்சரிக்கை. 100-க்கும் 400-க்கும் ஆரத்தை நான்கு மடங்காக்கினால் பரப்பு பதினாறு மடங்காகிவிடும். பரப்புதான் மதிப்பைச் சொல்ல வேண்டும், ஆகவே ஆரம் இரண்டு மடங்கு போதும். நானே இதில் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: நூலகங்களைப் புள்ளிகளாகக் காட்டும் புள்ளி வரைபடம் சரிவருமா? விகிதம் போட்டும் பார்த்தேன். இப்போது ஒரு மலை மாவட்டம் மட்டும் அடர்நிறம், மற்றதெல்லாம் ஒரே வெளிறல்!

பதில் 1: அங்கே ஆட்கள் குறைவாக இருக்கும், பத்து நூலகம் இருந்தாலே விகிதம் எகிறிவிடும். நீங்கள் சம இடைவெளி வகுப்புகள் (மிகக் குறைந்த மதிப்பு முதல் மிக உயர்ந்தது வரை சம அளவில் பிரித்தவை) வைத்திருப்பீர்கள். அந்த ஒரு மதிப்பு அளவுகோலையே இழுத்துவிட, மீதி எல்லாம் மிகக் குறைந்த வகுப்பில் விழுகின்றன. குவான்டைல் அல்லது ஜென்க்ஸ் முறைக்கு மாற்றிப் பாருங்கள். ஜென்க்ஸ், நெருங்கிய மதிப்புகளை ஒரே வகுப்பில் சேர்க்கும். குவான்டைலில் வகுப்புக்குச் சமமான எண்ணிக்கையில் மாவட்டங்கள் வரும். ஆனால் ஏறக்குறைய ஒரே மதிப்புள்ள இரண்டு மாவட்டங்கள் வேறு வேறு நிறம் பெறவும் கூடும்.

பதில் 2: புள்ளியைப் பொறுத்தவரை, மாவட்ட மொத்தம் மட்டும் இருந்தால் மென்பொருள் புள்ளிகளை எல்லைக்குள் மனம்போனபடி தூவும். ஏரிக்குள்ளும் நூலகம் முளைக்கும். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ காலரா சாவுகளை வீடு வீடாகக் குறித்தது வேறு சங்கதி, அவரிடம் ஒவ்வொரு சாவும் எந்த வீட்டில் என்ற விவரம் இருந்தது. உங்களிடம் முகவரிகள் இருக்கின்றனவா? அப்புறம், சமமதிப்புக் கோடு (ஒரே மதிப்புள்ள இடங்களை இணைக்கும் கோடு) பக்கம் போகாதீர்கள். அது மழை, வெப்பம் போலத் தொடர்ச்சியாக மாறுவதற்கு.

கேள்வி கேட்டவர்: முகவரிகள் இல்லை. ஜென்க்ஸ், ஐந்து வகுப்பு வைத்தேன், இப்போது வேறுபாடு தெரிகிறது. எண்ணிக்கைக்கு அதன்மேலேயே வட்டங்கள். தரவே இல்லாத இரண்டு மாவட்டங்களை வெளிர்நிறத்தில் விட்டிருந்தேன். அவை பூஜ்யம் போலத் தெரிந்ததால் சாம்பல் நிறக் கோடுகளால் நிரப்பிவிட்டேன்.