பழைய மஞ்சள் பெயின்ட்: ஹீட் கன் போடலாமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
வணக்கம். 1960களில் கட்டின வீடு. கதவில் அடர் மஞ்சள் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. வீட்டில் 2 வயதுக் குழந்தை. ஹீட் கன்னால் (சூடான காற்றடிக்கும் கருவி) எடுக்கலாமா? ஈயம் இருந்தால் நிறம் மாறும் சோதனைக் குச்சியை (ஸ்வாப்) தேய்த்தேன், நிறம் மாறவில்லை.

பதில் 1:
வேண்டாங்க! அந்தக் காலத்து அடர் மஞ்சள் என்றால் ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியாக இருக்க நிறைய வாய்ப்பு. அதன் எடையில் சுமார் 64% ஈயம். கூடவே புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். தண்ணீரில் கரையாதுதான், ஆனால் வயிற்று அமிலத்தில் ஓரளவு கரையும். ஸ்வாப்பை நம்பாதீர்கள்: குரோமேட்டில் நிறம் மாற மணிக்கணக்காகலாம். ஒரு செதிலை லேபுக்கு அனுப்புங்கள்.

பதில் 2:
கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோங்கள். கீழே கெட்டி பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டுங்கள். உலரவிட்டால் தூள் பறக்கும். பி3 மாஸ்க் (நுண்தூளை வடிகட்டும் முகக்கவசம்) அவசியம். நிலைச் சட்டத்தில் உரசும் கதவு விளிம்பை விட்டுவிடாதீர்கள், தினமும் தூள் உதிர்வது அங்கேதான். துடைப்பமும் சாதாரண வேக்யூமும் கூடாது, ஈரத்துணிதான். உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

பதில் 1:
குழந்தைக்கு இரத்தத்தில் ஈயம் பார்த்துவிடுங்கள், இந்த வாரமே. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தொட்டாலே ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.