கோல் கோட்டின் மேல் நிற்கும் பி-7 தூண்: எங்கள் கல்லூரி மைதானத்தைப் பற்றிய அனுபவங்கள்

முன்னாள் மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை:

நான் மூன்று ஆண்டுகள் கால்பந்து ஆடிய கல்லூரி மைதானத்தில் முதல் குழி தோண்டிய ஆட்களுக்கு வாரக் கூலியைக் கையில் எண்ணிக் கொடுத்தவன் நான்தான். இதை உடன் ஆடிய நண்பர்களிடம் சொல்வதற்கு எனக்கு வெகுநாள் துணிவு வரவில்லை. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். 2007-இல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, வேறு வழி தெரியாமல் மாமாவுடன் கட்டுமான வேலைக்குப் போனேன். பத்தாண்டுகள் கழித்து, நான் படித்த கல்லூரியிலேயே நான்கு மாடிப் பசுமைக் கட்டடம் ஒன்றுக்கு அடித்தளம் போடும் உள் ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்தது.

மைதானம் என்று சொன்னால் புல்வெளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளம் ஏறக்குறைய 90 மீட்டர், அகலம் 50 மீட்டர். இரண்டு கோல் முகப்புகளிலும் புல் முளைத்த நாளே கிடையாது, வெறும் மணல்தான். கோல் கம்பங்கள் தண்ணீர்க் குழாயை வெட்டிப் பற்றவைத்தவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வரும் ஒவ்வொரு பருவத்திலும் அணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவற்றுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். தெற்குக் கோலுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் நின்றது. காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வேடிக்கை பார்க்க வரும் பையன்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இரண்டு அணிகளையும் பாகுபாடில்லாமல் கேலி செய்வார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்களைவிட நன்றாக ஆடக்கூடியவர்கள் என்பதால் நாங்களும் பொறுத்துக்கொள்வோம்.

எங்களுக்கும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரிக்கும் ஆகவே ஆகாது. 2006 டிசம்பரில் நடந்த ஆட்டத்துக்கு அவர்கள் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார்கள். கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் நின்றுவிட, வேனை அங்கேயே விட்டுவிட்டு, காலணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். எங்கள் பி.டி. சார் அவர்களுக்கு முதலில் மோர் வாங்கிக் கொடுத்தார், அதன் பிறகுதான் நடுவரிடம் தாமதத்தைப் பற்றி முறையிட்டார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கள் இருக்கும்போது இடப்பக்க மூலையிலிருந்து நான் அடித்த கார்னர், எங்கள் ஸ்டாப்பர் தலையில் பட்டு, குறுக்குக் கம்பத்தின் அடிப்பாகத்தில் மோதிக் கீழே விழுந்து வெளியே துள்ளியது. அன்றைக்குக் கம்பத்தில் வலை கிடையாது. நடுவர் கோல் என்று விசில் ஊதினார். அடுத்த கால் மணி நேரம் நடந்ததை விவரிப்பது யாருக்கும் பெருமை தராது.

2017-இல், அந்தத் தெற்குக் கோல் இருந்த பக்கத்தில் ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தபோது வாளியில் ஒரு கான்கிரீட் உருண்டை வந்தது. அதன் நடுவே ஒரு முழ நீளத்துக்குக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குழாயின் மேல் வெள்ளைப் பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது. நான் கத்தி நிறுத்தியதும் ஓட்டுநர் மின்சாரக் கேபிள் என்று பயந்து இறங்கி ஓடினார். வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் வரவேண்டிய தூணின் எண் பி-7.

கட்டடத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அதன் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பசுமைச் சான்றிதழ் என்பது மதிப்பெண் கணக்கு. மழைநீர் சேகரிப்பு, சூரியத் தகடு, தண்ணீரைக் குறைவாகக் கொட்டும் குழாய்கள், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு பதித்த மொட்டைமாடி, அருகிலேயே கிடைக்கும் பொருட்கள், கழிவிலிருந்து செய்த பொருட்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. சுவர் முழுவதும் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைக் கலந்து செய்த கல்தான். அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்கிறவர்கள் சாம்பல் கலந்தே செய்ய வேண்டும் என்று 1999-இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அந்த எல்லை பின்னர் விரிந்துகொண்டே போயிற்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டாலும், அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கும்வரை சாம்பலுக்குப் பஞ்சமில்லை. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுக்கும் அதே சாம்பல், எங்கள் சுவருக்குள் வந்தவுடன் மதிப்பெண் வாங்கித் தருகிறது. சுவருக்குள் போவது ஆற்றுக்குள் போவதைவிட நல்லதுதான் என்பதால் அதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை.

என் வழக்கு தண்ணீர்க் கணக்கில்தான். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. புதிய கட்டடத்தின் மொட்டைமாடி 8,000 சதுர அடி. அதில் விழும் மழை முழுவதையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும் ஆண்டுக்குப் பத்து லட்சம் லிட்டர். பழைய மைதானத்தில் விழுந்துகொண்டிருந்தது 63 லட்சம் லிட்டர். அதில் பாதி ஆவியாகவும் வழிந்தும் போயிருந்தாலும், மீதி அந்த மணலுக்குள் தானாக இறங்கியது. அதற்கு யாரும் குழாய் போடவில்லை, யாரும் மதிப்பெண்ணும் கொடுக்கவில்லை. கட்டடம் நின்ற இடம் போக மிச்சமிருந்த பகுதியில் வாகனம் நிறுத்துவதற்காகப் பேவர் பிளாக் பதித்தார்கள். அந்தக் கற்களை இறக்கிய லாரிக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழி வெட்டிய ஞாபகம் இருக்கிறது. கடல் இத்தனை பக்கத்தில் இருக்கும் பகுதியில் நல்ல தண்ணீரை மண்ணுக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் உப்புநீர் தள்ளி நிற்கும் என்று அப்போது வீட்டுக்கு வந்த பொறியாளர் விளக்கினார். அது தெரிந்த ஊரில், இருந்த மணலை மூடிவிட்டு அதன் மேல் சேகரிப்புத் தொட்டிக்குப் பலகை வைத்திருக்கிறோம்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து மாணவர், இப்போது மாதவரம்:

அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கேட்டில் இறங்கி நடந்து வந்த அணியில் நானும் ஒருவன். கோல் கீப்பர் நான்தான். மோர் கொடுத்தது உண்மை, அதற்கு இன்றும் நன்றி. ஆனால் அந்தப் பந்து கோட்டைத் தாண்டவில்லை. கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தபோது என் வலது காலணியின் முன்னால் விழுந்தது; என் கால் கோட்டின் மேல் இருந்தது. நடுவர் நடுக்கோட்டுக்கு அருகில் நின்றுகொண்டு ஊதினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் கல்லூரிக்காரர்கள் கூடும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது.

மைதானத்தைப் பற்றி அவர் சொன்னதற்கு என்னிடம் ஒரு சாட்சி உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த மறுநாள், கணேசபுரம் சுரங்கப்பாதை வழக்கம்போல் மூழ்கிக் கிடந்ததால் சுற்றிக்கொண்டு அந்தக் கல்லூரி வழியாக வந்தேன். வாகன நிறுத்தத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நாங்கள் ஆடிய காலத்தில் இரவெல்லாம் மழை கொட்டினாலும் மறுநாள் மாலை அங்கே ஆட்டம் நடந்துவிடும். இப்போது எங்கள் கல்லூரியிலும் பின்பக்கத் திடலில் புதிய கட்டடத்துக்கு அளவெடுக்கிறார்கள். இரண்டு பேருக்கும் மைதானம் இல்லையென்றால் அப்புறம் எதற்குப் பகை என்றுதான் தோன்றுகிறது.

முன்னாள் மாணவி, புது வண்ணாரப்பேட்டை:

அண்ணன்கள் இருவரும் மன்னிக்க வேண்டும். நான் 2019-இல் அங்கே மாலை நேர வகுப்பில் சேர்ந்தவள். அந்த மைதானம் எப்போதாவது பெண்களுக்கு இருந்ததா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு முன்னால் படித்த அக்காமார்கள் அதன் ஓரத்துச் சுவரை ஒட்டி வேகமாக நடந்து போனதாகத்தான் சொல்கிறார்கள். நான் சேர்ந்தபோது புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில் உள்விளையாட்டு அறை இருந்தது, உள்ளே தாழிடக்கூடிய கழிப்பறை இருந்தது, நான்கு கேரம் பலகைகள் இருந்தன. கேரம் எங்கள் பகுதியில் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பது உங்களுக்கே தெரியும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் எங்கள் ஊர்ப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்று வந்தபோது தெருவே திரண்டு நின்றது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பெண்களோடு எங்களுக்கும் பகை உண்டு. எங்கள் பகை பலகையைச் சுற்றி, பவுடர் வாசனையோடு, சத்தமில்லாமல் நடக்கும்.

கட்டடத்தில் குறை இல்லாமல் இல்லை. மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்துவிட்டார்கள். மாலை வகுப்பில் அந்தப் படிக்கட்டில் கைப்பிடியைத் தொட முடியாது. கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்திலோ கோப்பு அறையை வைத்து, ஜன்னலை அலமாரியால் மறைத்திருக்கிறார்கள். பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட்டு அங்கே மணலைத் திரும்பக் கொண்டுவருவதென்றால் நானும் கையெழுத்திடுகிறேன், மாலை ஐந்து முதல் ஆறு வரை பெண்களுக்கு என்று எழுதிக் கொடுத்தால்.

முன்னாள் மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை:

தங்கை கேட்டது நியாயம். அந்தச் சுவரோரம் நடந்தவர்களைப் பற்றி நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ஆடிய நாளில் அவர்கள் என் கண்ணிலேயே படவில்லை. பேவர் பிளாக் விஷயமாகக் கல்லூரி நிர்வாகத்துக்கு எழுதும் மனுவில் ஐந்து முதல் ஆறு வரை என்பதைச் சேர்த்துவிடுகிறேன்.

கோல் கீப்பர் அவர்களுக்கு: அந்தக் கோடு எங்கே இருந்தது என்று அளந்து சொல்லக்கூடிய ஒரே ஆள் இன்றைக்கு நான்தான். கான்கிரீட் உருண்டை வந்த இடத்தை வரைபடத்தில் அன்றே குறித்து வைத்தேன். அந்த நகல் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். காவலாளி எனக்குத் தெரிந்தவர். பி-7 தூணுக்குப் பக்கத்தில் ஒரு பந்தை வைத்துப் பார்த்துவிடுவோம். மோர் இந்த முறை உங்கள் செலவு.