மறு: ரஷ்ஷிங் – ‘ஏந்தோட்டம்’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியாமல் கையில் ஏந்தி ஓடி முன்னேறும் ‘ரஷ்ஷிங்’குக்குத் தமிழில் ஓட்டம், விரைவோட்டம், பாய்ச்சல் என்று மூன்று சொற்கள் இந்த இழையில் வந்துள்ளன. மூன்றையும் உண்மையில் நடந்த ஒரு பருவத்தின்மேல் உரசிப் பார்த்துவிடலாம். மயாமி டால்பின்ஸ் அணியின் 2008ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொள்கிறேன்.

2007இல் அந்த அணி 16 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது. அடுத்த ஆண்டு டோனி ஸ்பரானோ தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. மூன்றாவது ஆட்டம் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுடன், அவர்களுடைய மைதானத்தில். பிளே ஆஃப் நீங்கலாக, தொடர்ந்து 21 ஆட்டங்களில் வென்றிருந்த அணி அது. அங்கேதான் டால்பின்ஸ் ‘வைல்ட்கேட்’ வியூகத்தை இறக்கியது. வழக்கமாகப் பந்தை முதலில் வாங்கும் குவார்ட்டர்பேக் சாட் பென்னிங்டன் மைதானத்தின் ஓரத்துக்குப் போய் நின்றார். நடுவில் நின்ற ரானி பிரவுன் பந்தை நேராக வாங்கினார். ரிக்கி வில்லியம்ஸ் குறுக்கே ஓடிவந்தார். பந்து வில்லியம்ஸிடம் கைமாறியதா, பிரவுனிடமே இருக்கிறதா என்று எதிரணி தடுமாறியது.

இதன் நுட்பம் எளிமையானது. வழக்கமான ஆட்டத்தில் பந்தைக் கைமாற்றிய பிறகு குவார்ட்டர்பேக்குக்கு வேலை இல்லை. பத்துப் பேர் பதினொருவரை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓரத்தில் நிற்கும் பென்னிங்டனையோ எதிரணி ஒருவரைக் கொண்டு காவல் காத்தாக வேண்டும். நடுவில் ஆள்கணக்கு சமமாகிவிடுகிறது. அன்று பிரவுன் பந்தோடு ஓடி நான்கு டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எடுத்தார். இன்னொன்றுக்குத் தாமே பந்தை எறிந்தும் கொடுத்தார். 38–13 என்று வென்ற டால்பின்ஸ், பருவத்தை 11 வெற்றி, 5 தோல்வியுடன் முடித்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஓட்டம் மட்டுமே அணியைத் தூக்கி நிறுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். பென்னிங்டனின் நிதானமான எறிதலுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த அணிக்குத் துணிவு வந்தது அன்றைய ஓட்டத்தில்தான்.

இனி சொற்களுக்கு வருகிறேன். ‘ஓட்டம்’ என்றால் நம் நாளிதழ் வாசகருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, பந்தில்லாமல் குறுக்கே ஓடிய வில்லியம்ஸ் செய்ததும் ஓட்டமே என்பது. ‘விரைவோட்டம்’ ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிடுகிறது. ‘பாய்ச்சல்’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லைக்கோட்டருகே ஆட்கள் நெருக்கியடிக்க, தோளால் முட்டி ஓரடி நகர்வதும் கணக்கில் ரஷ்ஷிங்தான். அதைப் பாய்ச்சல் என்று எப்படிச் சொல்வது?

பந்தை ஏந்திச் செல்வதே இதில் கரு. எனவே நான் முன்மொழிவது ‘ஏந்தோட்டம்’. ஏந்து, ஓட்டம் இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. ஏந்திழை போல இலக்கணத்துக்கு இசைவானது. ஆளைக் குறிக்க ‘ஏந்தோடி’ என்று வைத்துக்கொள்ளலாம். நாடோடி, முன்னோடி என்று பழகிய வாய்க்கு இது உறுத்தாது. “பிரவுன் ஏந்தோட்டத்தில் நான்கு டச் டவுன் எடுத்தார்” என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தடையின்றி ஓடுகிறது. குவார்ட்டர்பேக்கே பந்தோடு ஓடினாலும் அது ரஷ்ஷிங் கணக்கில்தான் சேரும். சொல் அதற்கும் இடம் தருகிறது.

ஒரு மறுப்பை இப்போதே எதிர்பார்க்கிறேன். எறிந்த பந்தைப் பிடித்தவர் அதன்பின் ஓடுவதும் பந்தை ஏந்தித்தானே? உண்மைதான். அந்தத் தொலைவோ எறிதல் கணக்கில் சேர்கிறது. அதைப் ‘பிடியோட்டம்’ என்று தனியே பிரித்துவிட்டால் இரண்டும் மோதாது. மற்ற நுணுக்கங்களை வரையறையில் எழுதிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

வைல்ட்கேட் என்பது வியூகத்தின் பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. யார்டுக்கு ‘கெஜம்’ ஏற்கெனவே இருக்கிறது. குவார்ட்டர்பேக்கைத் தவிர்த்து ஏந்தோடியே நேராகப் பந்தை வாங்கும் முறைக்குத்தான் எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘நேர்வாங்கல்’ சற்றே வறண்டிருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.